விட்டு விட்டுப் போட்ட கோடு

தமிழ்மொழி செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் அவள் பக்கமே சாய்ந்து பேசியதாக யாரும் குறை சொல்லக் கூடாது. தன் நாற்றங்காலுக்குத் தன் கையாலேயே விஷம் ஊற்றினாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினெட்டு நாள். அதுவும் கூட வேலை செய்யும் தனத்தோடு ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டே ஊற்றினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு மந்தாரக்குப்பத்தில் இவளைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மந்தாரக்குப்பத்தின் கடைசியில், கடைகளெல்லாம் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில், நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. தமிழ்மொழிக்கு அங்கே சித்தாள் வேலை. பகலெல்லாம் கலவைச் சட்டி தூக்குவாள். சாயங்காலம் கலவை மெஷினைக் கழுவுவதும் அவள் பொறுப்பு. மெஷினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சி, ஒட்டியிருக்கும் சிமெண்டைச் சுரண்டி, அந்தச் சாம்பல் நிறத் தண்ணீரைப் பக்கத்தில் ஓடும் மழைத்தண்ணீர் வாய்க்காலில் சாய்த்துவிட வேண்டும். சூப்பர்வைசர் அசோக்குமார் அப்படித்தான் சொல்லியிருந்தான். வாய்க்கால் எங்கே போகிறது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சாய்க்கிறவர்களுக்குப் பள்ளம்தான் தெரியும், பள்ளத்தின் மறுமுனை தெரியாது.

மறுமுனையில் அவளுடைய அரை ஏக்கர் இருந்தது.

அவளுடைய என்று சொன்னால் கொளஞ்சிநாதனுக்குக் கோபம் வரும். நிலம் அவருடையது. நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், ஷிப்டு போக மிச்ச நேரத்தில் விவசாயம் என்று இருந்த மனுசன், முட்டி வலி வந்த பிறகு ஓர் அரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டார். தமிழ்மொழி வீட்டில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டிருக்கிறார்கள், களை பறித்திருக்கிறார்கள், அறுத்துக் கட்டித் தலையில் சுமந்திருக்கிறார்கள். எல்லாம் அடுத்தவர் கழனியில். தானாக விதைத்து, தானாகத் தண்ணீர் கட்டி, "எங்க கழனி" என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்தது இந்த வருஷம்தான். விதை நெல்லை ஊறவைத்த அன்றைக்கு அவள் சோறு கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சைட்டுக்கு மேற்குப் பக்கமாகப் போவாள், கழனிக்குக் கிழக்குப் பக்கமாகப் போவாள். இரண்டுக்கும் நடுவில் ரோடு. ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பாலம், அதன் வழியாக வாய்க்கால் வளைந்து வந்து கழனியோரக் குட்டையில் சேருகிறது. நாற்றங்காலுக்குப் பாய்வது அந்தக் குட்டைத் தண்ணீர்தான். இதை ஒரு தடவை நின்று பார்த்திருந்தால் போதும். யார் பார்த்தார்கள்?

பதினெட்டாம் நாள் நாற்று தீய்ந்து கிடந்தது. நுனி வெளுத்து, அடி பழுப்பாகி, கொத்துக் கொத்தாகச் சாய்ந்துவிட்டது. கொளஞ்சிநாதன் வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே பார்த்தார்.

"நான் அப்பவே நெனச்சேன். கூலிக்கு நடறது வேற, வெள்ளாம பண்றது வேற. ஒங்களுக்கெல்லாம் அது சரிப்படாது தமிழு. கைராசின்னு ஒண்ணு இருக்கு."

"இன்னொரு தபா விதைக்கறங்க அண்ணே."

"விதச்சுக்க. இதுவும் போச்சுன்னா நெலத்தச் சும்மா போட்டு வெக்க என்னால முடியாது. வேற ஆளுக்கு வுட்டுடுவேன்."

வண்டி போன பிறகு அவள் நாற்றங்காலில் குந்தினாள். சேற்றின்மேல் ஆடை மாதிரி ஏதோ படிந்திருந்தது. நகத்தால் கீறினாள். சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. இந்தச் சில்லை அவளுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் மெஷினுக்குள்ளிருந்து இதைத்தானே சுரண்டுகிறாள்! தன் விரல்களைப் பார்த்தாள். சிமெண்டுத் தண்ணீர் பட்டுப் பட்டுத் தோல் வெடித்து, ரத்தம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலை செய்து காய்த்துப்போன கையையே அரிக்கிற தண்ணீர், பதினெட்டு நாள் பயிரை விட்டுவைக்குமா?

எழுந்தாள். வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். குட்டை, பாலம், ரோடு, சைட்டின் பின்பக்கம். வழி நெடுகச் சாம்பல் கோடு. அது முடிந்த இடத்தில் அவள் கவிழ்த்து வைத்த வாளி இருந்தது. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு அழுதாள். பாவி மகள், வேறு யாரை அடிப்பாள்?

அழுது முடித்ததும் வீட்டுக்குப் போய் மீதி விதை நெல்லை ஊறவைத்தாள். அதுதான் கடைசி. இதற்குமேல் விதை இல்லை, விதைக்கப் பருவமும் இல்லை.

மறுநாளிலிருந்து மெஷின் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடவில்லை. வாளி வாளியாகச் சுமந்து, சைட்டின் அந்தக் கோடியிலிருந்த உடைகல் குவியலில் ஊற்றினாள். அரை மணி வேலை ஒன்றரை மணி ஆனது. அசோக்குமாருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, அபிஷேகமா பண்ணிகிட்டிருக்க? வாய்க்கால்ல தள்ளிட்டுப் போம்மா."

"அந்தத் தண்ணி எங்க கழனிக்குப் போவுது சார்."

"ஊர்த் தண்ணியெல்லாம் எங்கியோ போகத்தான் செய்யும். அதையெல்லாம் பார்த்தா பில்டிங் கட்ட முடியுமா?"

சண்டை முற்றியிருக்கும். அதற்குள் அவள் கண் அவன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஆபீஸ் ஷெட்டுச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. நான்கு மாதமாக அது அங்கேதான் இருக்கிறது. வாய்க்காலை இன்றைக்குத்தான் அதில் கண்டுபிடித்தாள். வாய்க்கால் ஓரமாகவே இன்னொரு கோடு போனது. மெஷின் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். மற்றக் கோடெல்லாம் முழுசாக இருக்க, இவை மட்டும் தையல் போட்ட மாதிரி விட்டு விட்டு இருந்தன.

"இது மட்டும் ஏன் சார் வுட்டு வுட்டுப் போட்டிருக்கு?"

அவள் வரைபடத்தைப் பற்றிக் கேட்டது அசோக்குமாருக்கு வேடிக்கையாக இருந்தது. வாத்தியார் மாதிரி பேனாவை நீட்டினான். "முழுக் கோடு போட்டா பெர்மனன்ட். செவுரு, தூணு, மாடிப்படி. விட்டு விட்டுப் போட்டா டெம்பரவரி. இந்தக் கட்டம் மெஷின் கழுவுற தண்ணிக்குக் குழி. இந்தக் கோடு, மழையில மண்ணு வாய்க்காலுக்குள்ள ஓடாம இருக்கத் தடுப்பு."

"அப்ப ஏன் சார் வெட்டல?"

"அதான் சொல்றேனேம்மா, டெம்பரவரின்னு. பிளான் பாஸாவறதுக்காகப் போடறது. டெம்பரவரி ஐட்டம் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

வேறு ஊரில் இதைச் சொல்லியிருந்தால் காதில் விழுந்து காற்றோடு போயிருக்கும். நெய்வேலியைச் சுற்றி மனிதர்களே இரண்டு ரகம்தான்: பெர்மனன்ட், கான்ட்ராக்ட். மாப்பிள்ளை பார்க்கப் போனால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். தமிழ்மொழியின் புருஷன் சிலம்பரசன் பதினான்கு வருஷமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். அடுத்த வருஷம் ஆகிவிடும், அடுத்த வருஷம் ஆகிவிடும் என்று காத்துக் காத்துக் காதோரம் நரைத்துவிட்டது. அவனும் டெம்பரவரி. இவளும் டெம்பரவரி. குத்தகை நிலமும் டெம்பரவரி. அப்படியானால் இவர்கள் குடும்பமே இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதானா? அந்தச் சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

இரண்டாவது நாற்று பிழைத்தது. பத்தொன்பதாம் நாள் பச்சைப் பசேலென்று ஒரு சாணுக்கு நின்றது. இன்னும் ஒரு வாரம் தாங்கினால் பறித்து நட்டுவிடலாம். அப்போதுதான் கடலில் புயல் சின்னம், வியாழக்கிழமை கனமழை என்று செய்தி வந்தது.

சைட்டில் அசோக்குமார் வேறு கணக்குப் போட்டான். செவ்வாய்க்கிழமையே இரண்டாம் மாடித் தளத்துக்குக் கான்க்ரீட் போட்டுவிட வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய செம்மண் ஒரு ஆள் உயரத்துக்கு வாய்க்கால் கரையிலேயே குவிந்து கிடந்தது. பக்கத்தில் மெஷின். தளம் போடுகிற அன்றைக்குக் கழுவுகிற தண்ணீர், வாளியில் சுமந்து தீருகிற காரியம் இல்லை. அதன்மேல் வியாழக்கிழமை மழை அடித்தால் சிமெண்டும் செம்மண்ணும் சேர்ந்து குழம்பாகி நேரே குட்டைக்கு, குட்டையிலிருந்து நாற்றங்காலுக்கு. தமிழ்மொழிக்குக் கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது.

"வம்பு வேணாம் மொழி," என்றான் சிலம்பரசன். "வேலைய வுட்டு எடுத்துடுவானுங்க."

"எடுத்தா எடுக்கட்டும். நாத்து போச்சுன்னா நெலம் போச்சு. பொறவு சாவற வரைக்கும் அந்தாளு கைராசி இல்லாதவன்னு சொல்லிக்கினு திரிவாரு. வேல போனா வேற சைட்டு இருக்கு."

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கம்பி கட்டி முடித்து, ஜல்லி மணல் சிமெண்ட் எல்லாம் தயார். மெஷினை ஓட்டப் போகிற நேரத்தில் பெண்கள் யாரையும் காணவில்லை. அசோக்குமார் தேடிக்கொண்டு வந்தான். ஒன்பது பேரும் வாய்க்கால் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தனம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன இது, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி?"

தமிழ்மொழி எழுந்தாள். "குழிய வெட்டிப்புட்டு, தடுப்பக் கட்டிப்புட்டு அப்பறமா சட்டி தூக்கறோம் சார்."

"விளையாடறியா? இன்னிக்குத் தளம்!"

"தெரியும் சார். ஆரம்பிச்சா பாதியில நிறுத்த முடியாதுன்னும் தெரியும். பாதித் தளத்துல நாங்க சட்டியக் கீழ போட்டிருந்தா உங்க கதி என்னா ஆயிருக்கும்? அந்த மாதிரி கழுத்தறுக்கறவங்க நாங்க இல்ல. அதான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒக்காந்துட்டோம்."

"அதெல்லாம் டெம்பரவரின்னு சொன்னேன்ல?"

"நாங்களும் டெம்பரவரிதான். எங்க, எங்களை வுட்டுட்டுத் தளம் போடுங்க பாக்கலாம்."

தனம் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். அசோக்குமார் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் கத்திய கத்தலில் வாய்க்கால் தவளை கூட அடங்கிப் போனது. "யாருய்யா அந்தப் பொம்பள? அவளைத் துரத்திட்டு வேற ஆளை வை!" செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஒன்பது சித்தாளுக்கு எங்கே போவது? குள்ளஞ்சாவடி, வடலூர் எங்கே கேட்டாலும் அன்றைக்கு எல்லாரும் மழைக்கு முன்னால் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்று போன் சொன்னது.

இரண்டு மணி நேரத்தில் ஒன்பது பெண்கள் என்னென்ன செய்வார்கள் என்று கான்ட்ராக்டருக்குத் தெரியாது. வரைபடத்தில் கட்டம் இருந்த அதே இடத்தில் இடுப்பளவு குழி வெட்டினார்கள். குழியில் விரிக்கப் பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைத் தனம் எங்கிருந்தோ இழுத்து வந்தாள். யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன்கள் ஆறு பேர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு குழிக்குள்ளிருந்து சிரித்தார்கள்.

"மொத வாளிய அந்த நடுமாமன் மூஞ்சியில ஊத்துடி, சீர் கம்மியாச் செஞ்ச மூஞ்சி மாதிரியே இருக்கு," என்றாள் தனம்.

சாரத்துக்குக் கட்டி மிஞ்சிய பச்சை வலையை இரட்டையாக மடித்து, சவுக்குக் கம்பு நட்டு, வாய்க்கால் நெடுக இழுத்துக் கட்டினார்கள். வலைக்கு முன்னால் ஜல்லி நிரப்பிய சிமெண்ட் சாக்குகளை அடுக்கினார்கள். மண் குவியலின்மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கல் வைத்தார்கள். பத்து மணிக்குச் சட்டி தூக்கினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தளம் முடிந்தது. மெஷின் கழுவிய தண்ணீர் முழுக்கத் தாய்மாமன்கள் தலையில் இறங்கியது. வாய்க்காலில் ஒரு சொட்டு இல்லை.

வியாழக்கிழமை மழை சொன்னபடி வந்தது. ஊர் முழுக்க இருட்டிக்கொண்டு கொட்டியது. சைட்டுக்கு லீவு. தமிழ்மொழிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. யூரியா சாக்கைக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பிவிட்டாள்.

குழி தாக்குப்பிடித்தது. தார்ப்பாயும் தாக்குப்பிடித்தது. வலை முன்னால் செம்மண் தண்ணீர் முழங்கால் உயரம் தேங்கி, மெல்ல வடிந்துகொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த நிமிஷமே நின்றது. ஒரு மூலையில் வலைக்கு அடியில் ரத்தம் மாதிரி ஒரு தாரை வாய்க்காலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அவசரத்தில் அந்த மூலையில் மட்டும் வலையின் கீழ் விளிம்பை மண்ணில் புதைக்க மறந்துவிட்டார்கள். வேலி என்றால் மேலே உயரமாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். தண்ணீரோ கீழேதான் வழி தேடும்.

காலால் அடைத்தாள். முடியவில்லை. சாக்கை இழுத்துப் போட்டாள், தண்ணீர் அதையும் தள்ளியது. சுற்றுமுற்றும் பார்த்தாள். வாசலில் "பாதுகாப்பே நமது முதல் கடமை" என்று ஆளுயரத் தகரப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாலு மாதமாக யாருக்கும் ஒன்றும் செய்யாத பலகை. அதைத் தரதரவென்று இழுத்து வந்து ஓட்டையில் படுக்கப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

ஷெட்டிலிருந்து அசோக்குமார் குடையோடு ஓடி வந்தான். "ஏய், அது கம்பெனி போர்டுடி!"

"டி போட்டுப் பேசாதீங்க. போர்டுல எழுதினத இப்பதான் செய்யுது. அந்த மம்மட்டிய எடுத்துக் குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. ஆனால் பலகையைப் பிடுங்கவும் இல்லை. மழையில் நின்று அவளையே பார்த்தான். "உனக்கென்னம்மா, கத்திட்டுப் போயிடுவ. எனக்கு மட்டும் பெர்மனன்ட் ஆர்டரா குடுத்திருக்காங்க? நானும் நாள் கூலிதான்," என்று குடைக்குள் முனகிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினான். அவன் திரும்பிய வழியில் தனம் மம்மட்டியோடு வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருமாக வலையின் அடியைப் புதைத்து மிதித்து முடித்தபோது உச்சி வேளை.

அப்புறம்தான் கழனிக்கு ஓடினாள். குட்டை ததும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் மழைக்கலங்கல். செம்மண் குழம்பும் இல்லை, சாம்பலும் இல்லை. வரப்பை வெட்டி உபரித் தண்ணீரை வடியவிட்டாள். நாற்று நுனி ஒவ்வொன்றாக வெளியே வந்து தலையை ஆட்டியது. அவள் வரப்பிலேயே உட்கார்ந்து, மழையோடு மழையாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை கொளஞ்சிநாதன் வந்தார். இந்தத் தடவை வண்டியிலிருந்து இறங்கினார். நாற்றில் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். "பரவால்லியே, வந்துடுச்சே," என்றார்.

"கைராசி இருக்குதுங்களா அண்ணே?"

அவர் நாற்றை அதே இடத்தில் ஊன்றி வைத்தார். "திங்கக்கிழம நட்டுடு. முத்த வுடாத," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் சைட்டில் எல்லாரும் கிளம்புகிற நேரம். அசோக்குமார் தமிழ்மொழியைக் கூப்பிட்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்துப் பேசினான். "கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. திங்கக்கிழமையிலேர்ந்து நீ வர வேணாம். அடுத்த தளத்துக்கு ஆள் இருக்கு. ஒரு சித்தாள் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னுட்டாரு."

தமிழ்மொழி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நானே சொல்லணும்னுதான் சார் வந்தேன். திங்கக்கிழம எங்க கழனியில நடவு. நான் வர மாட்டேன். தனமும் வராது. அதோ நிக்கறாங்களே, அவங்களும் வர மாட்டாங்க. ஒம்போது பேரும் எங்க நடவுக்குத்தான் வராங்க. இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணுதானே, சட்டிய நீங்களே தூக்கிக்குங்க."

அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"மெஷின யாரு கழுவினாலும் குழியில கழுவச் சொல்லுங்க. கீழ நாத்து நட்டிருக்கும்."

திங்கட்கிழமை ஒன்பது பேரும் முழங்கால் சேற்றில் நின்று நட்டார்கள். சைட்டில் கலவைச் சட்டி தூக்க ஆள் இல்லை. காலையில் கொஞ்சம் பூச்சுக்கு ஓட்டிய மெஷினைச் சாயங்காலம் அசோக்குமார் தானே கழுவினான். குழியில்தான் கழுவினான்.